கழற்றிவிடப்பட்ட கமாண்டோ: தெரிந்த கதையை ஏன் திரும்பத் திரும்பப் பார்க்கிறோம்?

காட்டுக்கு நடுவே ஒரு சின்னக் குழு. கொடுத்த வேலையைக் கச்சிதமாக முடித்துவிட்டு, சொன்ன நேரத்துக்குச் சொன்ன இடத்தில் வந்து நிற்கிறது. ஏற்றிக்கொண்டு போக ஹெலிகாப்டர் வருகிறது. வந்தது இறங்காமலே திரும்பிப் போகிறது. எங்கோ ஓர் ஏசி அறையில் கோட்டு போட்ட ஒருவர் போனைக் கீழே வைக்கிறார். அவ்வளவுதான், கழற்றிவிட்டாயிற்று. அந்தக் குழுவில் உயிரோடு மிஞ்சுகிறவன் நடந்தாவது ஊர் வந்து சேர்ந்து அந்த அறையின் கதவைத் திறப்பான். இது டிக்கெட் எடுக்கும்போதே நமக்குத் தெரியும்.

தெரிந்தும் போய் உட்காருகிறோம். டிவியில் பாதியிலிருந்து ஓடினாலும் கடைசிவரை பார்த்துவிட்டுத்தான் எழுந்திருக்கிறோம். எனக்கு இந்த வகைப் படங்கள் உண்மையாகவே பிடிக்கும். வேறு வேலை இல்லாததால் பார்க்கிறேன் என்று நான் சொல்ல மாட்டேன். இவை நம்மிடம் எதையும் கேட்பதில்லை. அதுதான் இவற்றின் சுகம். ஆனால் பார்ப்பவரிடம் எதையும் கேட்காத படம் தானாக அமைந்துவிடாது. அந்தத் துரோகக் காட்சி, படம் தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே, நாம் செய்ய வேண்டிய வேலையை எல்லாம் நமக்காகச் செய்து முடித்துவிடுகிறது.

எப்படி என்று பார்ப்போம். துப்பாக்கி எடுத்த ராணுவ வீரன் திரையில் வந்தாலே கூடவே கேள்விகள் வரும். யாருடைய சண்டை இது? அந்த நாட்டில் இவனுக்கு என்ன வேலை? எதிரில் செத்து விழுகிறவன் பக்கம் நியாயம் இல்லையா? நல்ல போர்ப் படங்கள் இந்தக் கேள்விகளை நம் மடியில் போட்டுவிட்டுப் போகும். கமாண்டோ படம் அப்படிச் செய்வதில்லை. மேலிடம் அவனைக் கைவிட்ட நொடியிலேயே அவன் எந்த நாட்டின் ஆளும் இல்லை, எந்தக் கொள்கையின் ஆளும் இல்லை. சொன்ன வேலையைச் செய்தும் ஏமாற்றப்பட்ட ஒருவன், அவ்வளவே. சம்பளத்துக்கு வேலை பார்த்த எவருக்கும் அவனைப் புரியும். மேலதிகாரியின் தவறுக்குத் தான் மெமோ வாங்கியவருக்கு இன்னும் நன்றாகவே புரியும். அரசியல் போய்விடுகிறது, கணக்குத் தீர்ப்பது மட்டும் மிஞ்சுகிறது. நாம் பக்கம் தேட வேண்டியதில்லை, பக்கம் தானே வந்து சேர்ந்துவிடுகிறது.

1985இல் வந்த ராம்போ இரண்டாம் பாகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வியட்நாமில் அமெரிக்கக் கைதிகள் இன்னும் இருக்கிறார்களா என்று போட்டோ மட்டும் எடுத்து வரச் சொல்லி, அந்தப் போரில் சண்டையிட்ட முன்னாள் வீரன் ராம்போவை அனுப்புகிறார்கள். முகாம் காலியாக இருக்கும், காலி என்று காட்டி விவகாரத்தை ஒரேயடியாக மூடிவிடலாம் என்பது அனுப்பிய அதிகாரி மர்டாக்கின் கணக்கு. போய்ப் பார்த்தால் கைதிகள் இருக்கிறார்கள். ஒருவரை மீட்டுக்கொண்டு ராம்போ மேட்டில் ஏறி நிற்கிறான், ஹெலிகாப்டரும் கைக்கெட்டும் தூரத்துக்கு வந்துவிட்டது. கூடவே ஒரு கைதி இருக்கிறார் என்ற செய்தி கிடைத்ததும் மர்டாக் எல்லாவற்றையும் ரத்து செய்கிறான். சட்டென்று சொல்லி முடித்துவிடக்கூடிய காட்சிதான். ஆனால் அதற்குப் பிறகு ராம்போ என்ன செய்தாலும் நாம் ஏன் என்று கேட்பதில்லை.

அந்தப் படத்தின் முடிவும் கவனிக்க வேண்டிய ஒன்று. திரும்பி வரும் ராம்போ நேராக மர்டாக்கைச் சுடுவதில்லை. முதலில் அந்த அறை நிறைய இருக்கும் கம்ப்யூட்டர்களையும் கருவிகளையும் மெஷின் கன்னால் சிதறடிக்கிறான். அப்புறம் மர்டாக்கை மேஜைமேல் சாய்த்து, அவன் தலைக்குப் பக்கத்தில் கத்தியைக் குத்துகிறான். உயிரோடு விட்டுவிடுகிறான். காட்டில் அத்தனை பேரைக் கொன்றவன் ஆபீசுக்குள் ஒருவரையும் கொல்லவில்லை. அவனுடைய கோபம் அந்த மேஜைமேல்தான். இந்த வகைப் படங்களில் உண்மையான எதிரி முகாம் காட்டில் இருப்பதே இல்லை.

இதற்கு முன்னோடியாக 1978இல் வந்த ‘தி வைல்ட் கீஸ்’ படத்தைச் சொல்லலாம். அதில் வருபவர்கள் கூலிப்படையினர். ஆப்பிரிக்காவில் சிறைப்பட்ட ஒரு தலைவரை மீட்க லண்டன் முதலாளி ஒருவர் பணம் கொடுத்து அனுப்புகிறார். தலைவரை மீட்டுவிட்டு விமானத்துக்காகக் காத்திருக்கிறார்கள். அதற்குள் அந்த முதலாளி தாமிரச் சுரங்க விவகாரத்தில் சர்வாதிகாரியோடு உடன்பாட்டுக்கு வந்துவிடுகிறார். ஏற்ற வந்த விமானம் அவர்களை விட்டுவிட்டுப் பறந்துபோகிறது. ரிச்சர்ட் பர்ட்டன், ரோஜர் மூர், ரிச்சர்ட் ஹாரிஸ் என்று பெரிய நடிகர்கள். ஆனாலும் படம் முடிந்த பிறகு நினைவில் நிற்பது மேலே போகும் அந்த விமானமும் கீழே நின்று அதைப் பார்க்கும் முகங்களும்தான்.

எண்பதுகளில் இந்தக் கதை இப்படிப் பெருகியதற்கு ஒரு வரலாறு இருக்கிறது. வியட்நாம் போரில் பாரிஸ் உடன்படிக்கைக்குப் பிறகு, 1973இல், 591 அமெரிக்கப் போர்க் கைதிகள் நாடு திரும்பினார்கள். காணாமல் போனவர்கள் பட்டியலில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் மிச்சம் இருந்தன. அவர்களில் சிலர் இன்னும் அங்கே உயிரோடு அடைபட்டிருக்கிறார்கள், அரசாங்கம் தெரிந்தே மறைக்கிறது என்ற நம்பிக்கை அமெரிக்காவில் பரவியது. 1974இல் நிக்சன் பதவி விலகியதும், அடுத்த ஆண்டு அமெரிக்க உளவு அமைப்பான சிஐஏவின் காரியங்கள் செனட் விசாரணையில் வெளியே வந்ததும் சேர்ந்து, மேலே இருப்பவர்கள் பொய் சொல்கிறவர்கள் என்ற எண்ணம் ஊறிப்போயிருந்தது. அந்த மனநிலையின்மேல்தான் 1983 முதல் 1985 வரை கைதிகளை மீட்கப் போகும் படங்கள் வரிசையாக வந்து இறங்கின. பிறகு தொண்ணூறுகளின் தொடக்கத்தில் செனட் குழு ஒன்று இதைத் தனியாகவே ஆராய்ந்து, எவரும் அங்கே உயிரோடு சிறையில் இருப்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று அறிக்கை தந்தது. ஆனால் அதற்குள் சினிமா தன் கதையைச் சொல்லி முடித்திருந்தது. காயம் உண்மையானது, மருந்து கற்பனை.

இங்கே அமெரிக்க ராணுவத் தலைமையகமான பென்டகனையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். அமெரிக்க ராணுவம் டாங்கியோ விமானமோ படப்பிடிப்புக்குத் தர வேண்டுமென்றால் முதலில் திரைக்கதையைப் படித்துப் பார்க்கும். தன்னை நல்லவிதமாகக் காட்டும் படத்துக்குத்தான் கை கொடுக்கும். தன் வீரர்களைத் தானே கைவிடும் ராணுவத்தைக் காட்டும் கதைக்கு அது எளிதில் உதவாது. அதனால்தானோ என்னவோ, இந்தப் படங்களில் துரோகி பெரும்பாலும் சீருடையில் வருவதில்லை. சிஐஏ ஆளாகவோ, தனியார் கம்பெனி முதலாளியாகவோ, பெயர் மட்டும் கேள்விப்படும் ஒரு நிழல் அதிகாரியாகவோ வருகிறான். 1987இல் வந்த பிரிடேட்டரை வேற்றுக்கிரகப் பிராணி வரும் படமாகவே எல்லாரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். ஆனால் அந்தப் பிராணி முழுசாக வெளியே வருவதற்கு முன்னால் அதுவும் ஒரு கழற்றிவிட்ட கதைதான். அமைச்சரை மீட்கும் வேலை என்று பொய் சொல்லிப் பழைய நண்பனின் குழுவைக் காட்டுக்குள் இறக்குகிறான் சிஐஏவுக்குப் போன டில்லன்.

அப்புறம் பணம். கேனன் என்ற நிறுவனத்தை நடத்திய மெனாகெம் கோலன், யோரம் குளோபஸ் இருவரும் படம் எடுப்பதற்கு முன்பே போஸ்டரைக் காட்டிப் பல நாட்டு விநியோகஸ்தர்களிடம் உரிமையை விற்றுவிடுவார்கள். சக் நாரிஸை வைத்து அவர்கள் எடுத்த ‘மிஸ்ஸிங் இன் ஆக்‌ஷன்’ கதையைக் கேளுங்கள். முதல் பாகம், இரண்டாம் பாகம் என்று திட்டமிட்டு இரண்டு படங்களையும் அடுத்தடுத்து எடுத்தார்கள். இரண்டாம் பாகம்தான் நன்றாக வந்திருக்கிறது என்று பட்டது. உடனே அதை 1984இல் முதல் படமாக வெளியிட்டார்கள். முதல் பாகமாக எடுத்ததை, முன்கதை என்று சொல்லி அடுத்த வருஷம் இரண்டாவதாக வெளியிட்டார்கள். முன்னும் பின்னும் மாறியும் எதுவும் கெட்டுப்போகவில்லை. இந்தக் கதைச் சட்டகம் எவ்வளவு உறுதியானது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

இங்கே நம் ஊருக்கு இவை வந்து சேர்ந்தது பெரும்பாலும் வீடியோ கேசட்டாகத்தான். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியை ஒட்டி கலர் டிவி பரவிய பிறகு, டெக்கும் கேசட்டும் வாடகைக்கு எடுத்து விடிய விடியப் படம் பார்ப்பது ஒரு வழக்கமாகியது. ஒரு தமிழ்ப் படம், ஒரு சாமி படம், கடைசியாக ஓர் ‘இங்கிலீஷ் ஃபைட் படம்’. அந்த மூன்றாவது ஓடும்போது பாட்டியும் விழித்துக்கொண்டிருப்பார். வசனம் ஒன்றும் புரியாது, ஆனால் எவன் கெட்டவன் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

இதையே இந்தக் காலத்தில், எங்கள் சேலத்தில் அம்மாப்பேட்டைப் பக்கம் ஒரு விசைத்தறிக் கூடத்தில் பார்த்தேன். நூல் வாங்கும் வேலையாகப் போயிருந்த இடம். ஒரே ஆள் நாலு தறியைக் கவனிக்கிறார். ஜன்னல் கம்பியில் ரப்பர் பேண்ட் போட்டு செல்போனை மாட்டி வைத்திருக்கிறார், அதில் தமிழில் டப் செய்த கமாண்டோ படம் ஒன்று ஓடுகிறது. தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவர் பேசுவதே கேட்காது, செல்போன் சத்தம் எங்கே கேட்கும்? தார், அதாவது குறுக்கு நூல் சுற்றிய குழல், தீர்ந்த தறி நிற்கிறது. போய் மாற்றி ஓட விடுகிறார். இன்னொரு தறியில் பாவு நூல், அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், அறுந்திருக்கிறது. குனிந்து முடிச்சுப் போடுகிறார். நிமிரும்போது படம் சில நிமிடங்கள் ஓடியிருக்கும். திருப்பிப் பார்ப்பதில்லை, விட்ட இடத்தைத் தேடுவதும் இல்லை. அப்படியே தொடர்கிறார்.

“சத்தமே கேக்கலையேண்ணா, கதை எப்படிப் புரியுது?” என்று காதருகே போய்க் கத்தினேன்.

“இதுல கதை என்ன தம்பி இருக்கு? அந்தக் கோட்டுக்காரன் போனை வச்சான் பாரு, அப்பவே கவுத்துட்டான். இனி இவன் திரும்பி வந்துருவான். வர்ற வழியத்தான் பாக்கணும்.”

வருகிற வழியைப் பார்ப்பது. இந்த வகையைப் பற்றி நான் படித்த எந்த விமர்சனத்தையும்விடத் தெளிவாக அவர் சொல்லிவிட்டார். இந்தப் படங்களை ‘மூளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பார்க்க வேண்டும்’ என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்காது. அந்த அண்ணனின் மூளை நாலு தறியில் ஓடும் நூல் முழுவதையும் கவனித்துக்கொண்டிருந்தது. மிச்சம் இருந்த கவனத்துக்குத் தோதாக ஒரு படம் அவருக்குத் தேவைப்பட்டது, இது பொருந்தியது. நடுவில் விட்டால் கோபித்துக்கொள்ளாத கதை. எந்த இடத்தில் நுழைந்தாலும் உள்ளே சேர்த்துக்கொள்ளும் கதை. போஸ்டரைக் காட்டிப் பல மொழி பேசும் ஊர்களுக்கு விற்ற காலத்திலேயே, வசனம் புரியாதவனுக்கும் புரிய வேண்டும் என்ற கட்டாயத்தில்தான் இது உருவானது. ஆக, தறிக்கூடத்தில் சத்தமில்லாமல் பார்க்கும் ரசிகர் யாரோ வழி தவறி உள்ளே வந்தவர் கிடையாது. அவரைப் போன்றவர்களை மனதில் வைத்துத்தான் இந்தப் படங்களைக் கட்டினார்கள்.

சேலத்துக்காரர்களுக்கு இதில் இன்னொரு உரிமையும் இருக்கிறது. மேலிடத்தால் கைவிடப்பட்ட படைத்தலைவனை ஹாலிவுட்டிடமிருந்து நாம் கடன் வாங்கவில்லை. 1950லேயே நம் ஊர் மாடர்ன் தியேட்டர்ஸ் ஸ்டூடியோ அவனைத் திரையில் நிறுத்திவிட்டது. மந்திரி குமாரி கதையை நினைத்துப் பாருங்கள். எம்.ஜி.ஆர். நடித்த வீரமோகன், முல்லை நாட்டின் தளபதி. நாட்டைச் சூறையாடும் கொள்ளைக்காரனைப் பிடித்து வா என்பது அரசனின் கட்டளை. பிடித்து வருகிறான். கொள்ளைக்காரன் வேறு யாருமில்லை, ராஜகுருவின் மகன் பார்த்திபன். கோயிலில் விசாரணை நடக்கிறது. பார்த்திபனைக் காதலிக்கும் மந்திரி மகள் அம்மன் சிலைக்குப் பின்னால் மறைந்து நின்று, அவன் குற்றமற்றவன் என்று தெய்வமே சொல்வதுபோலச் சொல்லிவிடுகிறாள். திருடன் விடுதலை, பிடித்து வந்த தளபதிக்கு நாடு கடத்தல். கோட்டுக்குப் பதில் ராஜகுருவின் அங்கி, ஹெலிகாப்டருக்குப் பதில் அம்மன் சிலை. மற்றபடி மர்டாக் போட்ட கணக்கேதான். கருணாநிதியின் வசனம், எல்லிஸ் ஆர். டங்கனும் டி.ஆர். சுந்தரமும் இயக்கியது. ‘வாராய் நீ வாராய்’ என்று பாடிக்கொண்டே மலை உச்சிக்கு அழைத்துப் போகும் காட்சி நம் ஏற்காட்டில் எடுத்தது.

ஒரு வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். அந்தப் படத்தில் கணக்குத் தீர்ப்பது தளபதி இல்லை. தன்னைத் தள்ளிவிட அழைத்து வந்த கணவனை வலம் வருவதாகச் சொல்லிச் சுற்றி வந்து பள்ளத்தில் தள்ளுகிறாள் மந்திரி குமாரி. கமாண்டோ படங்கள் இன்றுவரை இந்தத் துணிச்சலுக்கு வரவில்லை. பழிவாங்கும் வேலையை அவை நாயகனைத் தவிர யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

டி.ஆர். சுந்தரம் திருச்செங்கோட்டுக்காரர், இங்கிலாந்தில் லீட்ஸ் நகரில் ஜவுளித் தொழில் படித்தவர். 1935இல் ஏற்காடு சாலையில் ஸ்டூடியோவைத் தொடங்கியபோது ஒரு ஆலையை நடத்தும் ஒழுங்கையும் கூடவே கொண்டுவந்தார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் அங்கிருந்து வந்தன. முதல் மலையாளப் பேசும் படமான பாலனும் (1938), தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான அலிபாபாவும் 40 திருடர்களும் (1956) அதில் அடக்கம். ஒரே பாவில் பார்டரை மட்டும் மாற்றி மாற்றி நெய்வதுபோல, தெரிந்த கதையைத் தளராத கையோடு புதிதாகக் கொடுப்பது அந்த ஸ்டூடியோவின் பலம். 1963இல் சுந்தரம் மறைந்த பிறகும் அந்தக் கை நிற்கவில்லை. வல்லவன் ஒருவன், இரு வல்லவர்கள், சி.ஐ.டி. சங்கர் என்று ஜெய்சங்கரை வைத்துக் குற்றக் கதைப் படங்களை எடுத்துத் தள்ளினார்கள். இன்று அங்கே மிஞ்சியிருப்பது சாலையோரத்து நுழைவு வளைவு மட்டும்தான். ஆனால் தெரிந்த சட்டகத்துக்குள் ரசிகனை உட்கார வைப்பது கேவலமான வேலை இல்லை, அது ஒரு தொழில், அதற்கும் திறமை வேண்டும் என்பதை இந்த ஊர் எண்பது வருஷங்களுக்கு முன்பே செய்து காட்டிவிட்டது.

தமிழ்நாட்டில் இந்தக் கதை மறுபடி கமாண்டோ உடையில் வந்தபோது துரோகத்தின் குணம் மாறிவிட்டது. இதுதான் எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த பகுதி. அமெரிக்கப் படத்தில் மேலதிகாரி செய்யும் துரோகம் விட்டுவிட்டுப் போவது. இங்கே மேலே இருப்பவன் செய்யும் துரோகம் கமிஷன் அடிப்பது. 2013இல் வந்த ஆரம்பம் படத்தில் அஜித்தின் போலீஸ் நண்பன் குண்டு துளைக்காத சட்டை போட்டிருந்தும் குண்டடிபட்டுச் சாகிறான், ஏனென்றால் அந்தச் சட்டை மட்டமான சரக்கு. 2023இல் அட்லி இந்தியில் எடுத்து தமிழிலும் வந்த ஜவானில் வீரர்கள் கையில் துப்பாக்கி இயங்காமல் நிற்கிறது, ஏனென்றால் ஆயுத வியாபாரி விற்றது கோளாறான துப்பாக்கி. அதைக் கேள்வி கேட்ட அதிகாரிக்கு தேசத்துரோகி என்ற பட்டம். அங்கே ஹெலிகாப்டர் வராது. இங்கே வந்து சேரும் பொருளே போலி.

இதுவும் காற்றில் வந்ததில்லை. 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு காவலர்களின் குண்டு துளைக்காத சட்டைகளின் தரம் பற்றி நாடு முழுக்கக் கேள்வி எழுந்தது. அதற்கும் இருபது ஆண்டுகளுக்கு முன்பே போஃபர்ஸ் என்ற பீரங்கிப் பேர ஊழலின் பெயர் டீக்கடை பெஞ்ச் வரை வந்துவிட்டது. ரேஷன் கடை எடைக்கல்லையும் பாலம் கட்டிய சிமெண்டையும் சந்தேகமாகப் பார்த்துப் பழகிய நமக்கு, அரசாங்கம் ஒருவனைக் காட்டில் விட்டுவிட்டு வந்தது என்பதைவிட, அவன் சட்டையில் காசு அடித்தது என்பது சட்டென்று உறைக்கும். ஒவ்வொரு ஊரும் தன் பயத்தையே துரோகியின் கையில் கொடுக்கிறது. 2022இல் வந்த விக்ரம் மட்டும் பழைய அமெரிக்கப் பாணியை நேராகவே எடுத்துக்கொண்டது: அரசாங்கமே உருவாக்கிய ரகசியப் படை, அரசாங்கமே குற்றவாளி முத்திரை குத்திக் கைகழுவியது, செத்துப்போனதாகச் சொல்லப்பட்ட தலைவன் வயதான பிறகு திரும்பி வருகிறான். அந்த வயதுதான் படத்தின் பலம். தாடி நரைத்தவன் பேரக் குழந்தையின் பால் பாட்டிலைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டே சண்டை போடும்போது, அவனிடமிருந்து எத்தனை வருஷங்கள் பிடுங்கப்பட்டன என்று யாரும் வசனத்தில் சொல்ல வேண்டியதில்லை.

குழுவைப் பற்றி நிறையச் சொல்ல ஒன்றுமில்லை. குறி பார்த்துச் சுடுபவன், குண்டு வைப்பவன், வண்டி ஓட்டுபவன், வாயாடி. ஆளுக்கு ஒரு குணம் போதும். இரண்டு குணம் கொடுத்தால் அவன் சீக்கிரம் சாகப்போகிறான் என்று அர்த்தம்.

ஆயுதம் எடுத்துக்கொள்ளும் காட்சியைத்தான் விட்டுவிட முடியாது. 1985இல் வந்த கமாண்டோ படத்தில் அர்னால்ட் கடற்கரையில் நின்று தயாராகும் காட்சி இருக்கிறதே, அதில் கதை ஓர் அங்குலம்கூட நகர்வதில்லை. பூட்ஸ் கயிறு இறுகுகிறது, கத்தி உறைக்குள் போகிறது, முகத்தில் சாயம் பூசப்படுகிறது, கடைசியில் அப்படியே நிற்கிறார். ஒரு வார்த்தை கிடையாது. துரோகத்தில் தொலைத்தது எல்லாம் இந்த ஒரு நிமிடத்தில் அவன் கைக்குத் திரும்பி வருகிறது: வேலைத் திறமை, ஒழுங்கு, தன்மேல் உள்ள நம்பிக்கை. மேலிடம் அவனிடமிருந்து பறிக்க முடியாதது அது ஒன்றுதான். பட்டறையிலோ தறியிலோ தன் கருவியை எடுத்து வைத்து வேலையைத் தொடங்கும் ஆளுக்கு அந்தக் காட்சியின் நிதானம் நன்றாகவே தெரியும்.

சமீபத்தில் வருகிற படங்களில் சில இந்தச் சுகத்தைக் கெடுக்கின்றன. முதல் காரணம் நீளம். அந்தக் கமாண்டோ சுமார் 90 நிமிடம், ராம்போ இரண்டாம் பாகம் 96 நிமிடம். விக்ரமும் ஜவானும் மூன்று மணி நேரத்தை நெருங்குகின்றன. துரோகம் முதல் கால் மணியில் வந்தால் மீதி நேரம் வருகிற வழியைப் பார்க்கலாம். இடைவேளைக்குப் பிறகு பிளாஷ்பேக்கில் வந்தால், அதுவரை இவன் ஏன் சுடுகிறான் என்று நாம் யோசித்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது; படம் நம்மிடம் வேலை வாங்க ஆரம்பித்துவிடுகிறது. நம் ஊர் திரைக்கதைகள் பிளாஷ்பேக்கை இடைவேளைக்குப் பின்னால் வைப்பதில் காட்டும் பிடிவாதம் மற்றக் கதைகளுக்குப் பொருந்தலாம், இதற்குப் பொருந்தவில்லை. இரண்டாவது காரணம், துரோகிக்கு மேல் ஒரு துரோகி, அவனுக்கும் மேல் ஒருவன் என்று அடுத்த பாகத்துக்காகக் கட்டிக்கொண்டே போவது. கதவைத் திறந்தால் உள்ளே ஆள் இருக்க வேண்டும். அடுத்த கதவின் சாவி மட்டும் இருந்தால் கணக்கு தீராது.

சண்டைக் கலைஞர்களாக இருந்து இயக்குநரானவர்கள் இதைச் சரியாகவே புரிந்துவைத்திருக்கிறார்கள். 2020இல் வந்த எக்ஸ்ட்ராக்‌ஷனை இயக்கிய சாம் ஹார்கிரேவ் அப்படிப்பட்டவர். டாக்கா தெருக்களில் ஒரே ஷாட் போலத் தோன்றும் சுமார் 12 நிமிடத் துரத்தல் ஒன்று அதில் உண்டு. வண்டியிலிருந்து வீட்டுக்குள், மாடியிலிருந்து மாடிக்கு, மறுபடி தெருவுக்கு. யார் எங்கே நிற்கிறார்கள், அடுத்த அடி எங்கிருந்து வரும் என்பது ஒரு நொடிகூடக் குழம்புவதில்லை. பேசிய பணம் வராது, நம்பிய நண்பன் விலை போயிருப்பான் என்ற பழைய அம்சங்களும் தவறாமல் இருக்கின்றன.

நம் பக்கத்திலிருந்து இப்படி ஒரு சின்னப் படம் வர வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. இந்தக் கதைகளில் கழற்றிவிடப்பட்டவன் எப்போதும் மலையில்தான் போய் இருப்பான். அர்னால்ட் மலைவீட்டில் மரத்தடியைத் தோளில் சுமந்துகொண்டு வருவார். 2007இல் வந்த ஷூட்டரின் நாயகனும் மலையில் நாயோடு தனியாக இருப்பான். காரணம் அழகு மட்டுமில்லை. மேலே ஏற ஒரு சாலை, வருகிறவன் யார் என்று முன்கூட்டியே தெரியும் ஓர் உயரம், இந்த இரண்டும் அவனுக்கு வேண்டும். ஏற்காட்டில் லேடீஸ் சீட் என்ற காட்சி முனையில் நின்று கீழே பாருங்கள். மலைப்பாதை வளைவுகளில் ஏறி வரும் வண்டிகளின் விளக்கு ஒவ்வொன்றாகத் தெரியும், அதற்கும் கீழே சேலம் முழுவதும் தெரியும். இருபது கொண்டை ஊசி வளைவுகள்; ஒவ்வொன்றிலும் துரத்துகிறவன் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். மிளகுக் கொடி ஏறிய சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே ஒரு காப்பித் தோட்டத்து வீடு. ஓய்வுபெற்றதாக ஊர் நம்பும் ஒரு மேஸ்திரி. முதல் பத்து நிமிடத்தில் போலிச் சட்டை போட்டு அனுப்பிய பழைய கதை. அப்புறம் ஒரு ராத்திரி, அஸ்தம்பட்டி தாண்டி மலைச் சாலையில் வரிசையாக ஏறும் வண்டிகள். மறுபக்கம் குப்பனூர் வழியாக இறங்கும் சாலை ஒன்று இருப்பது வருகிறவர்களில் யாருக்கும் தெரியாது.

பெரிய செட் வேண்டாம், வெளிநாட்டு லொக்கேஷன் வேண்டாம், பாட்டும் வேண்டாம். 90 நிமிடம் போதும். யாராவது எடுத்தால் சேலத்தில் முதல் நாள் முதல் காட்சிக்கு நான் இருப்பேன், அம்மாப்பேட்டை அண்ணனுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்துவிடுவேன்.